வெள்ளவத்தையில் நான் வைத்த அடையாளங்கள்

புது ஊருக்குப் போகிறவர்கள் கோயிலை, கடையை, மரத்தை அடையாளம் வைப்பார்கள். நான் ஆமிக்காரரை வைத்தேன். (சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள்.)

சண்டைக் காலத்தில், தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பவென்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் மச்சாள் வீட்டில் நின்றோம். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகள் எல்லாம் ஒரே அச்சு. விலாசம் கேட்டேன்.

"அது உமக்கு வாயில நுழையாது. சென்ரியைப் பாத்துத் திரும்பும், அது காணும்" என்றா மச்சாள். (சென்ரி என்றால் ஆமியின் காவலரண்.)

ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு விலாசம் நுழையாதாம்! திருப்பி ஒரு வார்த்தை கேட்டேனா? மாடு மாதிரித் தலையாட்டினேன்.

ஒரு நாள் மீன் வாங்கித் திரும்பினால், எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த சென்ரியின் மண்மூட்டைகளைக் காணவில்லை. நான் சந்தைக்குப் போய்வருவதற்குள் எங்கோ மாற்றிவிட்டார்கள். ஆரோடும் கதைக்கக் கூசுகிற நான், அன்றைக்கென்று துணிந்து, வீதியில் நின்ற ஆமிக்காரனிடமே போய்க் கேட்டேன்.

"மாத்தயா, இஞ்ச இருந்த சென்ரி எங்க?"

அவனுக்குத் தமிழ் தெரியாது. 'சென்ரி' மட்டும் நன்றாக விளங்கியது. துவக்கை நிமிர்த்தினான். மற்றவர்களும் ஓடிவந்து, மீனை நடுவீதியில் கொட்டிப் பார்த்தார்கள். பிறகு தமிழ் தெரிந்த முஸ்லிம் பொலிஸ்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள்.

"ஏன் அக்கா அதத் தேடுறீங்க?"

"வீட்டுக்குப் போக."

"வீடு எங்க? வழியச் சொல்லுங்க."

சொன்னேன். சந்தையடியில் தார்ப்பீப்பா, ஒருத்தன். அடுத்தது மண்மூட்டை, இரண்டு பேர். வங்கிக்கு முன்னால் மூன்று பேர், அதில் ஒருத்தன் மத்தியானத்தில் நித்திரை.

அவர் முகம் வெளிறியது. ஒரு சொல்லைக்கூட மொழிபெயர்க்கவில்லை. (அந்த மனிசன் நல்லாயிருக்கவேணும்.)

"அக்கா, கோயில், கடை ஒண்டும் ஒங்கட கண்ணுல படல்லயா?"

"கடைக்காரர் என்னை மறிக்கேல்லையே!"

இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. நாலடிக்கு ஒருக்கால் மறித்து, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பையைக் கிளறினால், மனிசி வேறு எதைத்தான் மனதில் வைப்பாள்?

வீட்டைக் காட்டு என்று என்னை முன்னால் நடத்தினார்கள். அப்போதுதான் தம்பியின் நினைவு வந்தது. இளம் தமிழ்ப் பெடியன் என்றாலே ஆமி பிடித்து ஏற்றிப்போகிற காலம். அவன் உள்ளே இருக்கிறான். கடைசியில் எங்கள் வீட்டு வாசல் படலை தெரிந்தது. தெரியாதவள் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு தாண்டி நடந்தேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே கெட்டித்தனம் அது.

"இஞ்சரும், எங்க போறீர்? வீடு இஞ்சயல்லோ!"

மச்சாள்! எனக்குப் பின்னால் வந்த ஆமிச் சப்பாத்துகளைக் கண்ட பிறகுதான் வாயை மூடினா.

தம்பியை ஏற்றிப்போனார்கள். கிழமைக்கணக்கில் வைத்திருந்துதான் விட்டார்கள்.

இப்போது அவன் கனடாவில். சொந்தக்காரர் கூடுகிற கலியாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லுகிறவனே அவன்தான். "அக்கா வழி சொன்னா ஆமி வழி பிசகாமல் வீட்டுக்கு வரும்!" மச்சாள் விழுந்து விழுந்து சிரிப்பா. படலையடியோடு கதையை நிப்பாட்டிவிடுவான்.

"பிறகென்ன நடந்தது மாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

"பிறகென்ன, சாப்பிடுங்கோ, ஐஸ்கிறீம் உருகுது" என்பான்.

எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கென்றால், எழும்பி ஆருக்காவது அறையவேண்டும்போல் இருக்கும்.