சார்ஜ் குறையாத மனிதர்

உலகில் ‘தள்ளிவிடுவோர்’ என்றோர் இனம் உண்டு, வாசகரே. அதில் தலைசிறந்த ஒருவரை ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்டேன். ஆற்றங்கரையில் சோதனைக்காக வைத்த, நீர்மட்டம் பார்க்கும் நாற்பது சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றும் தன் செய்தியைக் கம்பியில்லாமல் பக்கத்துப் பெட்டிக்குச் சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்ல, கடைசியில் ஆய்வுக்கூடத்து ரிசீவருக்கு வந்து சேரவேண்டும். பேட்டரியோ விரல் அளவு. எந்த வழியாக அனுப்பினால் சார்ஜ் மிஞ்சும் என்று கண்டுபிடிப்பதுதான் நம் பேராசிரியருக்குப் பிழைப்பு.

மேடை ஏறினால் உருகிவிடுவார்.

“ஒரே பெட்டி வழியாவே எல்லாத்தையும் அனுப்பினா அது செத்துடும்! யாருகிட்ட எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்து, பாரத்தைப் பிரிச்சுக் குடுக்கணும்!”

புல்லரிக்கிறதல்லவா?

அறைக்குத் திரும்பியதும் கடிதமோ, படிவமோ, பழுதான பெட்டியோ, மதிப்பெண் குறைந்த மாணவனின் அழுகையோ, எது வந்தாலும் தலை நிமிராமல் ஒரே வாக்கியம்: “அக்காகிட்ட குடுங்க.” அக்கா என்பவர் பக்கத்து மேசை டெக்னீஷியன். “எனக்குப் பதிலா நீங்களே போட்டுடுங்கம்மா” என்று தன் கையெழுத்து முத்திரையையும் அவரிடமே ஒப்படைத்திருந்தார்.

அக்காவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மூன்று முறை லீவு கேட்டார்.

“வியாழக்கிழமை அதிகாரிங்க வராங்களேம்மா. பாப்போம்.”

நான்காம் முறை எழுதியே கொடுத்தார். பேராசிரியர் படித்தாரா? எங்கே! தாளின் தலைப்பைக்கூடப் பாராமல் குமாஸ்தாவிடம் நீட்டினார்.

“அக்காகிட்ட குடுங்க.”

அக்கா வாங்கினார். நிதானமாகப் படித்தார். முத்திரை குத்தினார்.

வியாழன். பெட்டிகளை ஆறு முழுக்க வைப்பதா, குப்பையில் போடுவதா என்று முடிவுசெய்ய அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். திரை கறுப்பு. நாற்பது பெட்டியிலும் சார்ஜ் ததும்புகிறது, கேட்கத்தான் ஆளில்லை. பேராசிரியர் போனில் அலறினார்.

“ரிசீவர் சுவிட்ச் எங்கம்மா?”

“உங்க நாற்காலிக்குப் பின்னாடி சார். தினமும் நான்தான் போடுவேன்.”

“யாரைக் கேட்டு லீவு எடுத்தீங்க?”

“நீங்கதான் சார் சாங்ஷன் பண்ணியிருக்கீங்க. அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போறாங்க, வச்சிடறேன்.”

அதிகாரிகள் கோப்புகளை மூடினார்கள். பேராசிரியர் உட்கார்ந்தபடியே திரும்பினார்; கை எட்டும் தூரத்தில் சுவிட்ச். குமாஸ்தாவைப் பார்த்தார்.

“கொஞ்சம் அதைப் போட்டுடுங்களேன்.”

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: இதை வாசிக்க மாட்டியிருக்கும் மூக்குக்கண்ணாடி, அடுத்த அறையிலிருந்து தானாக நடந்தா வந்தது?