பாவாடை தின்ற கோழி

புரட்டாசி பிறந்த அன்றே நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு ஒரு பிரகடனம் செய்தேன். "இந்த மாசம் முச்சூடும் இந்த வூட்ல கறி இல்ல, மீனு இல்ல, முட்டைகூட கெடையாது. மீறினவங்க சனிக்கெழம சொம்ப தூக்கிக்கினு தெருத்தெருவா கோவிந்தா போடணும்!"

என் மனைவி அம்சவள்ளி மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பத்து நாள்கூடத் தாங்கவில்லை. மீறியது நான்தான். வடக்கனந்தலில் எனக்கு உரக்கடை. கல்வராயன் மலையில் மரவள்ளி போட்டிருக்கும் சடையன், பயிரை வந்து பாருங்க என்று கூப்பிட்டான். போனேன். பயிரைப் பார்த்தேனோ இல்லையோ, அடுப்பில் நாட்டுக்கோழி கொதிப்பதைப் பார்த்துவிட்டேன். சாமைச் சோற்றில் குழம்பை ஊற்றி, முழங்கை வரை வழிய வழிய... பெருமாளே, மன்னிச்சிடு.

தின்றதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குள் இருக்கிற எழுத்தாளன் சும்மா இருந்தானா? தீபாவளி மலருக்கு அதையே கதையாக எழுதிவிட்டேன். மாட்டிக்கொள்கிற ஆளா நான்? கதாநாயகன் பெயர் பாவாடை. ஊர் நைனார்பாளையம். உரக்கடையை டீக்கடை ஆக்கினேன். 'நான்' என்ற பேச்சே கிடையாது. முதலிலிருந்து கடைசி வரை 'அவன்', 'அவன்'தான்.

அம்சவள்ளி வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைய பாடம், ஒரு கதை யார் கண் வழியாகச் சொல்லப்படுகிறது என்று கண்டுபிடிப்பது. பழகிப் பார்க்க ஒரு கதை வேண்டும் என்றாள். புகழுக்கு ஆலாய்ப் பறக்கிறவன் ஆயிற்றே, என் கதையையே எடுத்து நீட்டினேன். படித்துவிட்டு வந்தாள்.

"இன்னாங்க, இந்தக் கதைய சொல்றது யாரு?"

"பெருமாள் மாதிரி ஒருத்தன். மேல இருந்து எல்லாத்தையும் பாத்துக்கினு இருக்கான். எல்லார் மனசும் அவனுக்குத் தெரியும்."

"எல்லார் மனசுமா? பாவாடை கோழி துன்னது மட்டும் ரெண்டு பக்கம் போவுது. எலும்பு கடிக்கிற சத்தம்கூட கேக்குது. அந்நேரம் வூட்ல பொண்டாட்டி இன்னா பண்ணிக்கினு இருந்தா?"

"எழுதியிருக்கேனே. 'மனைவி வீட்டில் இருந்தாள்.'"

"அவ்ளோதானா? உங்க பெருமாளு பாவாடை மண்டைய வுட்டு எறங்கவே மாட்டாரு போலக்குதே."

அவசரமாகச் சமாளித்தேன்.

"அவளுக்கு இந்தக் கதையில வேல கம்மி."

"நான் சொல்லட்டா, அவ கதைய?"

ஆளை விட்டால் போதும் என்று தலையாட்டினேன்.

"புருசன் மலைக்கி பஸ் ஏறினானா? இவ கதவ சாத்தினா. நேரா பக்கத்து வூட்டுக்குப் போனா. அவங்களுக்கு வெரதம் எல்லாம் கெடையாது. ரெண்டு முட்டைய ஒடச்சி ஊத்தி, வெங்காயம் ஜாஸ்தியா போட்டு, பச்ச மொளகா கிள்ளிப் போட்டு..."

துள்ளி எழுந்தேன். "அடிப்பாவி! புரட்டாசியில ஆம்லெட்டா? என் வெரதத்துல மண்ண போட்டுட்டியேடி!"

"யாரு, நானா?" அவள் கண்ணை அகல விரித்தாள். "அவ பாவாடை பொண்டாட்டிங்க."

"பாவாடையாவது, புடவையாவது! அன்னிக்கி நான் மலையில கோழி துன்னப்ப நீ இங்க..."

வாய் அப்படியே நின்றுவிட்டது. சட்டென்று கையால் பொத்திக்கொண்டேன்.

"அவன் நீங்க இல்லன்னா, அவ மட்டும் எப்படிங்க நானாவேன்?" என்று நிதானமாகக் கேட்டாள். "கொழம்பு நல்லா இருந்துச்சா?"

நான் மெல்ல வாசல் பக்கம் நழுவினேன்.

"நாளைக்கி சனிக்கெழமதான? சொம்ப தேச்சி வெக்கிறேன்."

மறுநாள் காலை நாமமும் சொம்புமாக, "கோவிந்தா! கோவிந்தா!" என்று தெருவில் இறங்கினேன். என்ன பக்தி, என்ன பக்தி என்று தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. வெட்கத்தில் எனக்கு உயிரே போயிற்று. ஒரே ஒரு ஆறுதல்தான். நான் தின்றது நிஜக் கோழி. அவள் தின்றது வெறும் கதை ஆம்லெட். வீட்டில் ஒருவராவது விரதம் காத்தோமே!

பக்கத்து வீட்டுக் கண்ணகி படியில் இறங்கி வந்து சொம்பில் அரிசியைப் போட்டாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்கும் எல்லாம் தெரிஞ்சிப் போச்சாமே, அக்கா சொன்னாங்க. அண்ணே, அவங்ககிட்ட சொல்லிடுங்க, இன்னிக்கி முட்டை இல்ல, மீன் கொழம்புதான்னு."