ஞாயிற்றுக்கிழமை பறித்த கீரை

லூயிஸ் தீவில் டோர்மட் காய்ச்சும் ஜின்னுக்குக் கிராக்கி அதிகம். பாட்டிலில் இருக்கும் பேர் அவனுடையது. உள்ளே இருக்கும் வாசனை பெண்டாட்டி மர்டினாவுடையது. கடலோரப் பாறை இடுக்கில் முளைக்கிற ஷுனஸ் கீரையை எங்கே, எப்போது பறிப்பது என்று அவளுக்குத்தான் தெரியும். அது இல்லாவிட்டால் அவன் ஜின்னும் தலைவலித் தைலமும் ஒன்று.

இந்த வருஷம் லேபிளில் தன் பேரையும் போடச் சொன்னாள். "புல்லுப் பிடுங்குறவ பேரெல்லாம் எதுக்கு?" என்றான், அதுவும் விருந்தாளிகள் முன்னால். மறுநாளிலிருந்து அவள் கீரைக் கூடையைத் தொடவில்லை. செப்புப் பானை காய்ந்து கிடந்தது, கடைக்காரர்கள் சரக்கு எங்கே என்று நச்சரித்தார்கள். அந்த வீட்டில் சிரித்துப் பேசி ஏற்கெனவே வருஷங்கள் ஆகியிருந்தன. இப்போது பேச்சே நின்றது. இவள் தயவில்லாமல் காய்ச்சிக் காட்டுகிறேன் பார் என்று டோர்மட் கறுவினான்.

சனிக்கிழமை மர்டினா போனில் தங்கச்சியிடம் அலுத்துக்கொண்டாள். சர்ச்சுக்குக் கீழே பாறையெல்லாம் ஷுனஸ் மண்டிக் கிடக்கிறதாம், நாளைப் பகலில் கடல் நன்றாக உள்வாங்குமாம், பாழாய்ப்போன ஞாயிறாகப் போய்விட்டதாம். டோர்மட் கதவுக்குப் பின்னால் நின்று அத்தனையும் கேட்டான்.

அந்த ஊரில் ஞாயிறு எந்த வேலையும் செய்யக் கூடாத ஓய்வுநாள், துணி காயப்போட்டாலே மானம் போய்விடும். ஆனால் பார்க்க ஆள் வேண்டுமே! ஊரே இரண்டு மணி நேரம் சர்ச்சுக்குள் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கும். முதுகுவலி என்று சொல்லி மாதக்கணக்கில் சர்ச்சுக்கு டிமிக்கி கொடுத்துவந்தவன் அன்றும் படுத்துக்கொண்டான். அவள் தலை மறைந்ததும் சாக்கோடு கிளம்பினான்.

கீரை இருந்தது. முட்டி போட்டு ஆசை ஆசையாகப் பறித்தான். பாதிச் சாக்கு நிரம்பியதும் நிமிர்ந்தால், சர்ச் மதிலோரம் கறுப்புக் கோட்டோடு மொத்த ஊரும் நிற்கிறது. முன்னால் சர்ச் மூப்பர் அங்கஸ். கரையில் பறிக்க அனுமதி தருகிற மேய்ச்சல் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். பக்கத்தில் மர்டினா, வெட்கத்தில் செத்தவள் போலத் தலை கவிழ்ந்து நின்றாள்.

மறுநாளே சங்கம் அவன் பேரில் இருந்த அனுமதியைப் பறித்தது. புருஷன் செய்த பாவத்துக்குப் பெண்டாட்டி பட்டினி கிடப்பதா என்று இரங்கி, மூப்பர் அதை மர்டினாவுக்கே கொடுத்துவிட்டார். லேபிளில் தன் பேர் மட்டும் இருந்தால் பறிக்கிறேன் என்றாள் அவள். வேறு வழியா இருக்கிறது? பழைய லேபிளை உட்கார்ந்து சுரண்டிக்கொண்டே டோர்மட் கேட்டான்.

"ரெண்டு மணி நேரப் பிரசங்கம் எப்படிடி அரை மணியில முடிஞ்சுது?"

"போதகர் வெளியூர் போயிருந்தாரு. அன்னைக்கு மூப்பர் ஒரே ஒரு பக்கம் வாசிச்சு முடிச்சுடுவாருன்னு அதுக்கு முந்தின வாரமே சர்ச்சுல சொன்னாங்களே," என்றாள் மர்டினா. "அப்ப உங்களுக்கு முதுகுவலி."