என் பேச்சை எண்ணிய ஐ.சி.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்காள் புருஷன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். என் முழங்கால் மட்டும் அவ்வளவு சுகமில்லை. ஆனால் அதைக் கேட்டு யாரும் கடிதம் எழுதுவதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். உங்கள் கண் எப்படி இருக்கிறது, டாக்டர் தேதி குறித்துவிட்டாரா, சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுகிறீர்களா என்று கேட்கத்தான் தினமும் போன் செய்கிறேன். நீங்கள் எடுப்பதில்லை. இரண்டு ஞாயிறாக, நாம் வாராவாரம் மைக் பிடித்துப் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவிலும் உங்கள் குரல் இல்லை. கோபம் என்று புரிகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது பாருங்கள், அப்படியே போனாலும் அது அங்கேயே கிடக்கும், திரும்ப வந்துதான் ஆகவேண்டும்.

அன்றைக்கு நீங்கள் ரேடியோவில் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். தொண்டையை இரண்டு முறை செருமிவிட்டு, "அத்தான், ஆபரேஷன் முடிஞ்சதும் கூட ஒரு ஆள் இருக்கணும்கிறாரு டாக்டர். ஒரு மாசம் உங்க வீட்ல வந்து இருந்துக்கட்டுமா?" என்றீர்கள். அதற்கு நான் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பதில் சொன்னேன், கையைக்கூட ஆட்டினேன், ரேடியோவில் கை தெரியாது என்பது மறந்துபோய். அதில் உங்களுக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் மைக்கை வைத்துவிட்டு எழுந்து போனதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அப்படி இல்லை மாப்பிள்ளை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முப்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்கு முதலிலிருந்து ஆரம்பிக்காமல் எதையும் சொல்ல வராது.

என் மொட்டை மாடியில் இரண்டு ஆண்டெனா இருப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பக்கம் பார்த்து நீளமாகக் கட்டிய ஒயர் ஒன்று, தூர தேசத்துக்காக நட்டுவைத்த குழாய் ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறவேண்டுமானால் இரும்பு ஏணியில் ஏறி, கேபிளைக் கழற்றி மாட்டவேண்டும். போன மழையில் நான் அந்த ஏணியின் நாலாவது படியிலிருந்து நேராகத் தரைக்கு வந்ததிலிருந்து உங்கள் அக்கா ஏணிக்குப் பூட்டு போட்டுவிட்டாள். "இன்னொரு தடவை உங்களை அதுமேல பார்த்தேன், ஆண்டெனா ரெண்டையும் பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடுவேன்" என்றாள். போடக்கூடியவள்தான், நீங்கள் அவளோடு வளர்ந்தவர், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே கீழே மேசையில் உட்கார்ந்தபடியே மேலே ஆண்டெனாவை மாற்ற ஒரு பெட்டி செய்வது என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் பெட்டிக்குள் எந்த ஐ.சி. சில்லை வைப்பது என்ற கேள்வி வருகிறது, என் புத்தியும் போகிறது. "அத்தான், சும்மா ஒரு திருகு சுவிட்சும் 2003 டிரைவர் ஐ.சி.யும் போதும்" என்று நீங்கள் அப்போதே சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. கடையில் 4017 என்கிற ஐ.சி.யைப் பார்த்ததும் மனம் அதன்மேல் போய்விட்டது. இரண்டுக்கும் பதினாறு கால், கையில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் 2003-க்கு ஒன்றும் தெரியாது. ஒரு காலில் தூண்டினால் எதிர்க்காலில் ரிலேயை, ஆண்டெனாவை மாற்றுகிற அந்தக் காந்தச் சுவிட்சை, இழுத்துப் பிடிக்கும், தூண்டுவதை நிறுத்தினால் விட்டுவிடும், அவ்வளவுதான். 4017 அப்படியா? அது எண்ணும்! ஒரே ஒரு பொத்தான், ஒரு தடவை அழுத்தினால் முதல் ஆண்டெனா, மறுபடி அழுத்தினால் இரண்டாவது. எண்ணத் தெரிந்த பிள்ளையைப் பார்த்தால் வாத்தியாருக்கு ஒரு பலவீனம் உண்டு. மூன்றாவதாக ஒரு இடத்தையும் காலியாக விட்டுவைத்தேன், வருங்காலத்தில் கட்டப்போகும் ஆண்டெனாவுக்காக. இந்த வருங்காலம்தான் என்னைக் கவிழ்த்தது.

முதல் நாளே அவமானம். 4017-இன் காலில் ரிலேயை நேரே கட்டினேன், ரிலே அசையவே இல்லை, ஐ.சி. மட்டும் சுட்டது. நன்றாகக் கணக்குப் போடுகிற பையனை பெஞ்சு தூக்கச் சொன்னதுபோல் ஆகிவிட்டது. பிறகு அதற்குப் பின்னால் ஒரு 2003-ஐயே வைத்தேன். நீங்கள் சொன்னதைத்தான் வைத்தேன், ஆனால் வேலைக்காரனாக வைத்தேன், தலைமை எண்ணுகிறவனுக்கு. மேசைமேல் அருமையாக வேலை செய்தது. உங்கள் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பொத்தானை அழுத்தினேன். டிக். மறுபடி டிக்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, அவ்வளவுதான்."

"இதுக்கா ரெண்டு வாரமா சாப்பாட்டு மேசையை விடமாட்டேன்னீங்க?"

தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர் அந்தப் பெட்டியை மாடியில் திருகி மாட்டினார். பொத்தானின் ஒயரை மாடியிலிருந்து என் மேசைவரை நீளமாக இழுத்துவிட்டேன். நீளமான ஒயர் என்றால் என்ன? ஆண்டெனா! எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். வழிதவறி ஏறும் அலையை வடிகட்ட அந்த ஒயரில் ஒரு சின்ன கெப்பாசிட்டரைக்கூட நான் போடவில்லை. ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உங்களோடு பேசியபோது என் குரலே அந்த ஒயரில் ஏறி, பொத்தானை அழுத்தியதுபோல் ஐ.சி.யைத் தட்டியிருக்கிறது. யார் தட்டினார்கள் என்று அது கேட்காது. தட்டினால் எண்ணும். உற்சாகமாக வாயைத் திறந்தேன், பெட்டி குழாய் ஆண்டெனாவுக்கு மாறியது. இன்னும் உரக்கச் சொன்னேன், மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. அங்கே ஆண்டெனாவே இல்லை, குரலும் வெளியே போகவில்லை, மறுபடி தட்டவும் ஆள் இல்லை. ஆகவே அங்கேயே நின்றுவிட்டது. என் பதில் முழுவதையும் நான் இன்னும் கட்டாத ஆண்டெனாவுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். உங்கள் பக்கமும் சத்தமில்லை, சரி, வானத்தில் ரேடியோ அலை அடங்கிவிட்டது, பதில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி எழுந்து சாப்பிடப் போனேன். நான் செய்த பெரிய தப்பு அந்த நம்பிக்கைதான்.

நீங்கள் போனை எடுக்காமல் போனபிறகுதான் சந்தேகம் வந்தது. தொட்டிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, பெட்டியைக் கீழே இறக்கி மேசையில் வைத்து, அதன் இரண்டு ஆண்டெனா வாயிலும் துண்டு ஒயர் கட்டி, மைக்கைப் பிடித்து, என்ன பேசுவது என்று தெரியாமல் "அ" என்றேன். அசையவில்லை. "ஆ" என்றேன். டிக். "இ" சும்மா இருந்தது. "ஈ" என்றதும் பெட்டிமேல் மூன்றாவது இடத்துக்கான விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு ஔவரை போய்ப் பார்த்தும் அது நகரவில்லை. சமையலறையிலிருந்து உங்கள் அக்கா எட்டிப் பார்த்து, "யாருக்குங்க பாடம்?" என்றாள்.

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீங்கள் கேட்டதையும் சேர்த்து. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். "நீ ஒரு போன் பண்ணிச் சொல்லேன்" என்றேன். "நான் சொன்னா அக்கா கூப்பிடுறான்னு வருவான். அவன் கேட்டது உங்களை. நீங்கதான் சொல்லணும்" என்றாள். சரிதான்.

இப்போது 4017-ஐக் கழற்றிவிட்டேன். நீங்கள் சொன்னபடி 2003 மட்டும், ஆண்டெனாவுக்கு ஒரு ஒயர், கீழே திருகு சுவிட்சு, ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு கெப்பாசிட்டர். ஐ.சி.மேல் பழி போடமாட்டேன், இடமறியாமல் உட்காரவைத்தது நான். ஆனால் இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன் மாப்பிள்ளை. எண்ணுவது கெட்டிக்காரத்தனம் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு சின்னத் தட்டலையும் விடாமல் எண்ணி, உடனே அடுத்த இடத்துக்கு நகர்ந்து, அங்கேயே நின்றுவிடுவதில் என்ன கெட்டிக்காரத்தனம்? ஒரு தடவை என் குரல் வராமல் போனதும், "அத்தானுக்கு இஷ்டமில்லை" என்று நீங்களும் ஓர் எண் தள்ளிப் போய் நின்றுவிட்டீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. உதவி கேட்கிறவருக்கு மௌனம் எவ்வளவு உரக்கக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நமக்குள் 2003 மாதிரி இருந்தால் போதாதா? பழசை வைத்துக்கொள்ளாமல், இப்போது என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் பார்த்தால்?

ஞாயிறு மாலை வழக்கமான நேரத்தில் ரேடியோவைப் போடுங்கள். சொட்டு மருந்தை மறக்காதீர்கள். கண்ணைக் கசக்காதீர்கள். ஈயம் பற்றவைக்கிற புகையில் குனியாதீர்கள். எல்லா நலமும் உங்களுக்கு வாய்க்கட்டும்.

என்றும் அன்புடன்,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அக்கா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "எண்ணுற ஐ.சி. இருக்கு, எண்ணாத ஐ.சி. இருக்கு, அவன் கேட்ட கேள்விகூட இருக்கு. பதில் எங்கங்க?" என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து தேடினேன். எங்கும் இல்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று சொன்னது இதுதான்: வாங்க மாப்பிள்ளை. ஒரு மாசக் கணக்கெல்லாம் வேண்டாம், கண் தெளிந்து, நீங்களாகப் போகணும்னு தோன்றுகிறவரை இருங்க. ஜன்னல் பக்க அறையிலிருந்த என் ரேடியோச் சாமான்களையெல்லாம் உங்கள் அக்கா இப்போதே வெளியே தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இங்கேயே வந்துவிட்டால் உங்கள் ஊர்ப் பக்கம் பேச எனக்கு ஆளே கிடையாது, இந்தச் சுவிட்சுக்கும் வேலை கிடையாது. கிடக்கட்டும், நீங்க வாங்க.