ஓட்டையை அடைத்தவள்

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். இதை எங்கள் திருவனந்தபுரத்து வீட்டில் விருந்தாளிகளிடம் சொல்லமாட்டார்கள். யாராவது கேட்டால், "கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் வேலை" என்று முடித்துக்கொள்வார்கள். காரணம், அப்பாவின் பழைய கார்.

சாலைக் கடைத்தெருவில் பருப்பு மொத்த வியாபாரம் செய்த அப்பா, ஆசைப்பட்டு வாங்கிய சின்னக் கார் அது. ஏசி கிடையாது. உள்ளே எப்போதும் துவரம்பருப்பு வாசனை. நானும் அண்ணனும் கடற்கரைக்குப் போனதும் பரீட்சைக்குப் போனதும் அந்த வாசனையோடுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதன் வாட்டர் பம்ப் ஒழுகத் தொடங்கியது. இன்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டைத் தணிக்கிற பம்ப். அதன் அடியில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகப் போர்ட்டிகோ முழுக்க ஈரம்.

"பம்ப மாத்தணும்னு மெக்கானிக் சொல்லுகான் மக்ளே. வண்டிய அங்கேயே விடணுமாம்," என்றார் அப்பா. நெய்யாற்றின்கரையில் அண்ணனுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்த சமயம். கார் இல்லாமல் முடியாது.

"ஒரு ஓட்டைக்காகப் பம்பையே மாத்துவாங்களா? பின்ன நான் எதுக்குப்பா படிச்சேன்?" என்றேன். (எதற்குப் படித்தேன் என்று எனக்கே இன்னும் தெரியாது.) இரண்டு உருண்டைகளைப் பிசைந்து தண்ணீர்க் குழாயில் அப்புவோமே, அந்தப் பசையை வாங்கிவந்து, காருக்கு அடியில் படுத்து, ஓட்டையை அடைத்தேன். சொட்டு நின்றது. மகளின் கைவேலையைப் பற்றி அப்பா கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

நிச்சயத்துக்கு முந்தைய நாள் மாலை, மறுநாள் ஹர்த்தால் என்று அறிவித்துவிட்டார்கள். கடை, பஸ், ஆட்டோ, டாக்ஸி எதுவும் இருக்காது. தேதியைத் தள்ளலாமா என்று பெண்ணின் தாய்மாமாவைக் கேட்டோம். அவர் முதலிலிருந்தே இந்தச் சம்பந்தம் வேண்டாம், துபாய் மாப்பிள்ளை ஒருவர் கைவசம் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். "ராகுகாலத்துக்கு முந்தி தட்டு மாத்தலைன்னா, இது வேண்டாம்னு அர்த்தம்," என்று போனை வைத்துவிட்டார். பெண்ணைப் பார்த்த நாளிலிருந்தே அண்ணனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அன்றைக்குச் சுத்தமாக இறங்கவில்லை.

கல்யாணத்துக்குப் போகிறவர்களை மறிக்கமாட்டார்கள் என்று நம்பி, காலையில் 'கல்யாண வண்டி' என்று எழுதி முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் அப்பா. பின்னால் அண்ணனும், மடியில் தாம்பாளத்தோடு அம்மாவும். கரமனை தாண்டும்போதே கிறீச் கிறீச் என்று சத்தம். "ரோடு காலியா இருக்கு, அதான் கேக்குது," என்றேன். பாலராமபுரத்தில் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. இன்ஜின் சூடு கொஞ்சம் வெளியே வரட்டும் என்று ஹீட்டரைப் போட்டேன். திருவனந்தபுரம் வெயிலில் ஹீட்டர். அண்ணனின் பவுடர் கழுத்து வழியாக இறங்கியது.

"நிச்சயத்துக்குப் போறமா, ஆவி புடிக்கப் போறமா?" என்றாள் அம்மா.

கார் ஆவி கக்கி நின்றது. ஆறவைத்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை எல்லாம் ஊற்றினேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. தண்ணீர் வாங்கக் கடை இல்லை. அம்மா தயங்கித் தயங்கிப் பன்னீர் பாட்டில்களை நீட்டினாள். சபையில் தெளிப்பதற்காக வைத்திருந்தது. அதையும் ஊற்றினேன். நெய்யாற்றின்கரைக்குள் நுழையும்போது பம்ப் இறுகி, பெல்ட் அறுந்து, கார் ரோஜா மணத்தோடு ஓய்ந்தது.

அப்போது கொடிகளோடு ஹர்த்தால்காரர்கள் வந்தார்கள். வண்டியைத் தடுக்க வந்தவர்கள். தடுக்க ஒன்றும் மீதி இல்லை. தலைவர் போலிருந்தவர் பானெட்டை முகர்ந்தார்.

"இதெந்தா மணம்?"

"பன்னீர் சேட்டா," என்றேன். "அண்ணனுக்கு நிச்சயம். ராகுகாலத்துக்கு முந்தி போகணும்."

அப்பா கைகூப்பிவிட்டார். கடைத்தெருவில் யாருக்கும் தலை குனியாத மனிதர். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"தள்ளெடா," என்றார் தலைவர், கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி மாப்பிள்ளையும் சேர்ந்து தள்ளினான்.

பெண் வீட்டு வாசலில் தாய்மாமா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். தெருமுனையில் முதலில் கொடிகள், அப்புறம் கோஷம் (கோஷம் போடாமல் அவர்களுக்குத் தள்ள வராது), அப்புறம் கார். நாங்கள் ஆள்பலத்தோடு வந்திருப்பதாக மாமா நினைத்துவிட்டார். மறுபேச்சில்லாமல் தட்டு மாறியது. ஹர்த்தால்காரர்கள் பாயசம் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

பிறகு புதுப் பம்ப் வாங்க நானே போனேன். பெட்டியைத் திறந்தால், அதே இடத்தில் அதே ஓட்டை. டேமேஜ் பீஸைத் தலையில் கட்டுகிறீர்களா என்று சண்டை போட்டேன். கடைக்காரர் இருந்த பம்புகளை எல்லாம் எடுத்து அடுக்கினார். எல்லாவற்றிலும் ஓட்டை.

"மோளே, அது ஒழுகான் வேண்டி இட்ட ஓட்டயா," என்றார்.

ஒழுகுவதற்கென்றே போட்ட ஓட்டையாம். உள்ளே சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்குக்குள் புகாமல் வெளியேறுவதற்கு வைத்த வழி. அதை நான் அடைத்ததால் தண்ணீர் பேரிங்கைத் தின்றிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒருவர், "மோள் எந்தா படிச்சது?" என்று அன்பாகக் கேட்டார். பி.காம் என்றேன்.

புதுப் பம்போடு கார் இன்னும் சில வருஷம் ஓடியது. விற்ற பிறகும் பருப்புக் கடைகளைத் தாண்டும்போது எனக்கு அதன் பின்சீட்டு ஞாபகம் வந்துவிடும். அந்தக் காரை மனசு இன்னும் தேடுகிறது.

என் கல்யாணம் முடிந்து புறப்படும்போது அப்பா தாடையை இறுக்கிக்கொண்டு, அழுவதில்லை என்று வாசலில் நின்றார். ஹர்த்தாலன்று நிச்சயமான அண்ணி அவர் பக்கத்தில் போனாள்.

"ஒழுகட்டும் மாமா. அடைச்சா வண்டி நெய்யாத்தங்கரை தாண்டாது."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதார். நானும்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் கண் கலங்கினாலும் யாரும் அழாதே என்று சொல்வதில்லை. ஒழுகட்டும் என்று சொல்லிவிட்டு, எல்லோரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.