லேடிஹில்லில் மூடுபனி இல்லை

உலகத்தில் அதிசயம் அருகிக்கொண்டே வருகிறது என்று கவலைப்படுகிறவர்கள், கேமரன் மலையில் லேடிஹில் தேயிலைத் தோட்ட நிர்வாகம் ஆற்றிவரும் தொண்டை அறியாதவர்கள். அதிசயத்துக்கென்று தனியாக ஒரு கட்டம் ஒதுக்கி, அதைத் தினமும் காலை ஏழரை மணிக்குள் பத்துச் சொல்லுக்குக் குறையாமல் நிரப்பியே தீர வேண்டும் என்று ஆணையிட்ட நிறுவனம் வேறு எங்கே இருக்கிறது?

அந்தக் கட்டத்தின் பெயர் ‘குறிப்பு’. அதை நிரப்பும் பொறுப்பு தவமலருடையது.

தவமலர் தோட்ட அலுவலகத்தில் சின்ன கிராணி, அதாவது இளநிலை எழுத்தர். பதினோரு வருடமாக, காலை ஏழு மணிக்கு அலுவலகத்தின் பின்பக்க மேட்டுக்குப் போய், கம்பிவேலிக்குள் இருக்கும் மழைமானியைத் திறந்து, தேங்கிய நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளப்பாள். மழை இத்தனை மில்லிமீட்டர். மூடுபனி உண்டு அல்லது இல்லை. குறிப்பு: ஒன்றுமில்லை. இந்த ‘ஒன்றுமில்லை’யை அவள் மூவாயிரம் தடவையாவது எழுதியிருப்பாள். கல்யாணமான மறுவாரம் எழுதினாள். மகள் யஷ்வினி பிறந்து, விடுப்பு முடிந்து வந்த அன்றும் கைநடுங்காமல் எழுதினாள். வானத்தைப் பார்த்து எழுதினாளா என்று யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அப்போதுதான் கோலாலம்பூர் தலைமையகம் பதிவேட்டை ஒழித்துவிட்டு, கைப்பேசியில் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. பெரிய கிராணி சாம்பசிவம் சுற்றறிக்கையை எழுந்து நின்று வாசித்தார். தலைமையகத்திலிருந்து வந்த தாளை உட்கார்ந்து படிக்கும் பழக்கம் முப்பது வருடமாக அவருக்கு இல்லை. குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. பத்துச் சொல் குறையக் கூடாது. நேற்று எழுதியதை இன்று எழுதக் கூடாது. ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லைச் செயலி சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பிவிடும்.

“என்னாங்கய்யா எழுதறது? பனி வருது, போவுது,” என்றாள் தவமலர்.

“வர்றத இன்னிக்கு எழுது. போறத நாளைக்கு எழுது,” என்றார் சாம்பசிவம்.

இரண்டு வாரம் ஒப்பேற்றினாள். மூடுபனி அடர்த்தி என்று எழுதினாள், மிதம் என்று எழுதினாள், மிதமான அடர்த்தி என்றும் எழுதிப் பார்த்தாள். மூன்றாம் வாரம் திங்கட்கிழமை காலையில், மனித குலம் மூடுபனியைப் பற்றிச் சொல்லக்கூடியது அனைத்தும் தீர்ந்துபோயிற்று.

பக்கத்தில் யஷ்வினி நின்றாள். ஐந்தரை வயது. தகப்பன் காய்கறி லோரி ஓட்டுகிறவன், விடியுமுன்னே மலை இறங்கிவிடுவான். அதனால் ரிங்லெட் பாலர் பள்ளி வேன் ஏழரைக்கு வரும்வரை அவளும் மழை அளக்கும் உத்தியோகத்தில்தான் இருந்தாள். குழாயை எட்டிப் பார்த்தாள்.

“வானம் ராத்திரி எந்திரிச்சு இதுல ஒண்ணுக்குப் போயிருக்கு.”

“நாலு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர்,” என்றாள் தவமலர்.

“கொஞ்சந்தான் போயிருக்கு.”

நிர்வாகத்தின் கண்ணியம் கருதி தவமலர் இதைப் பதியவில்லை. கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தாள். மூடுபனி பாதி மலையில் அசையாமல் நின்றது. ஏன் இன்னும் மேலே வரவில்லை என்று தனக்குள் முனகிக்கொண்டாள்.

“அவங்களுக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கும்மா.”

“யாருக்குடி?”

“பனிக்கு. மலைக்குக் கீழ தாப்பாவுலேர்ந்து பஸ்ல வந்தாங்கல்ல. எத்தன வளைவு.”

மணி ஏழு இருபத்தேழு. தவமலர் வேறு வழியில்லாமல் தட்டினாள்: ‘பாதையில் வளைவுகள் அதிகமானதால் மூடுபனிக்கு உடல்நலமில்லை. சற்றுத் தாமதமாக வந்து சேரும்.’ செயலிக்கு மலாய்தான் புரியும். மலாயில் எண்ணிப் பார்த்தாள், பதின்மூன்று சொல். பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது. இரண்டு வாரத்தில் அவள் முகம் பார்த்துச் சிரித்த ஒரே உயர் அதிகாரி அதுதான்.

மறுநாள் மூடுபனி செருப்பைத் தொலைத்துவிட்டு தேயிலைச் செடிகளுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் எதிர்மலையோடு கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மலாயில் அதற்கு ‘மெராஜுக்’ என்று அழகான சொல் இருக்கிறது. தவமலர் அதைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அன்றைக்குத்தான் எழுதினாள்.

யஷ்வினி பனியை ஒருபோதும் ‘அது’ என்று சொல்லவில்லை. ‘அவங்க’தான். பெரியவர்கள் இல்லையா.

ஒருநாள் தவமலரும் துணிந்து பார்த்தாள். “இன்னிக்கு அவங்க கோயிலுக்குப் போயிருப்பாங்களோ?”

யஷ்வினி அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தாள். “நீ சும்மா சொல்ற. பாக்காம சொல்ற.”

அது தவமலருக்குச் சுருக்கென்றது. உண்மைதான். குழாயில் நீர் நிற்கும் கோட்டை மட்டுமே பார்த்துப் பழகிய கண். அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று நிமிர்ந்து பார்க்க அதற்குச் சம்பளம் கிடையாது. அன்று முதல் ஏழு மணிக்குப் பதில் ஆறே முக்காலுக்கே மேட்டுக்கு வரத் தொடங்கினாள். சீக்கிரம் போனால் கூட்டாமல் கிடக்கும் ஆபீசைக் கூட்டலாம் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். விளக்குமாற்றை ஒருநாளும் தொடவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நிற்பார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் யாருக்கும் கிராணி இல்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. பதிவுகளை மனிதர் யாரும் படிக்கவில்லை. செயலியே படித்துப் பயந்துபோய்ப் புகார் செய்திருந்தது. ‘மூடுபனியின் உடல்நலம் மற்றும் நடத்தை தொடர்பாக விளக்கம் கோருதல்’ என்பது பொருள். ஒன்பதாம் தேதி மூடுபனிக்கு உடல்நலமில்லை என்று சான்றளித்த மருத்துவர் யார்? பத்தாம் தேதி தொலைந்த செருப்பு நிறுவனம் வழங்கியதா, சொந்தச் செருப்பா? பதினோராம் தேதிய கோபம் நிர்வாகத்தின் மீதா? ஏழு நாளில் பதில் வேண்டும்.

சாம்பசிவம் நின்றபடியே இரண்டு முறை படித்தார். அவர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. இதையெல்லாம் உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். தவமலர் சொன்னாள். அவர் ஜன்னலருகே போய் வெகுநேரம் வெளியே பார்த்தார்.

“செருப்பு கெடச்சிருச்சாமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஒண்ணுதான் கெடச்சிச்சாம் ஐயா.”

விளக்கம் எழுதும் வேலை இல்லாமல், விளக்கத்தை வாங்கிக்கொள்ளவே ஒருவர் நேரில் வந்துவிட்டார். தர்மேந்திரன் என்று பெயர். தலைமையகத்தில் சுற்றுலாவுக்கான ‘அனுபவப் பிரிவு’க்குத் தலைவர். கற்பனை பற்றி மூன்று கருத்தரங்குகளில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர். அந்தத் துறையில் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

“சிஸ்டர், இது கோல்ட்லா, தங்கம்,” என்றார்.

திட்டத்தை அவர் விளக்கிய வேகத்தில் சாம்பசிவம் உட்கார்ந்தேவிட்டார். சுற்றுலாப் பேருந்து பத்து மணிக்கு வரும். பார்வை மாடத்தில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். பனிக்கு ‘மிஸ்டி’ என்று பெயர், வெள்ளைப் பஞ்சில் பொம்மை. வாரத்துக்கு ஐந்து கற்பனை, குழந்தையின் வாயாலேயே, மழைமானி அருகே, காலை ஏழு மணிக்குப் படம்பிடிக்கப்படும். யஷ்வினி இனிமேல் ‘கற்பனை வழங்குநர்’. பாதுகாவலர் கையெழுத்திட மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

தவமலர் பேனாவைக் கையில் வாங்கினாள். மாட்டேன் என்று தலைமையகத்திடம் சொல்லும் வழக்கம் அந்தத் தோட்டத்தில் யாருக்கும் இல்லை. ஆனால் மூன்று பெருக்கல் குறியையும் பார்த்தபோது, அந்த வேலிக் கம்பியும் முக்கால் மணி நேரமும்தான் கண்ணில் வந்தன. கையெழுத்துப் போட்டால் அவை இரண்டும் அலுவலக நேரமாகிவிடும்.

“காலையில வந்து புள்ளையப் பாருங்க சார். அப்பறம் போடுறேன்,” என்றாள்.

மறுநாள் காலையில் தர்மேந்திரன் கேமராவோடும், ரோமம் வைத்த ஒலிவாங்கியைப் பிடித்த ஓர் ஆளோடும் மேட்டில் நின்றார். மூடுபனி வேலிவரை ஏறி வந்திருந்தது.

“பாப்பா, மிஸ்டி இன்னிக்கு என்ன பண்ணுது?”

யஷ்வினி அவரைப் பார்த்தாள். ஒலிவாங்கியைப் பார்த்தாள். “இது பனி. தண்ணி ஆவியாகி, குளுந்துபோய் வருது. டீச்சர் சொன்னாங்க.”

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தண்ணீர் ஆவியானது. ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னார். அதற்குச் சம்மதித்துவிட்டு நான்காம் முறையும் ஆவியாக்கினாள்.

தர்மேந்திரன் மனம் தளரவில்லை. கற்பனைக்கும் சீசன் உண்டு என்று தவமலருக்குப் பாடம் நடத்தினார். “நீங்க செயலியில ‘பனி உண்டு’ன்னு தட்டினா எனக்கு மணி அடிக்கும் சிஸ்டர். அடிக்கிற நாளெல்லாம் டீம் வரும். ஒருநாள் வாயத் தெறக்காமலா போவும்?”

கார் வளைவில் மறைந்ததும் தவமலர் மகளிடம் குனிந்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டாள்.

“மெதுவாப் பேசும்மா,” என்றாள் யஷ்வினி. “அவங்க உடுப்பு மாத்திக்கிட்டிருந்தாங்க. அந்த அங்கிள் மெஷினோட நிக்கிறாரு.”

தவமலர் அன்றைய பதிவைப் போடக் கைப்பேசியை எடுத்தாள்.

“நாளைக்கும் வருவாரா?”

“பனி வந்துச்சின்னு நான் போட்டா வருவாரு.”

“அப்ப போடாத.”

பதினோரு வருடத்தில் தவமலர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தப்பாக எழுதியதில்லை. கட்டைவிரல் கண்ணாடிமேல் நின்றது. இந்தக் கட்டம் யாருக்காக என்று முதன்முறையாக யோசித்தாள். பனி இருக்கிறதா என்று தெரிய வேண்டியவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். ஜன்னல் திறக்காதவர்களுக்குத்தான் செயலி. மழை அளவைச் சரியாகப் போட்டாள். மூடுபனி: இல்லை. குறிப்பு: ‘மூடுபனி இல்லை. வானம் தெளிவு. தேயிலைச் செடிகள் வழக்கம்போல் இருக்கின்றன. குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை.’ மறுநாள் தேயிலைச் செடிகளை வானத்துக்கு முன்னால் நகர்த்தினாள். அதற்கடுத்த நாள் வானத்தைக் கடைசிக்குக் கொண்டுபோனாள். செயலி ஒவ்வொன்றுக்கும் பச்சைக்குறி போட்டது. சாம்பசிவம் தினமும் எட்டு மணிக்கு, மூக்குக்கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துவிட்டு, பதிவுகள் சரியே என்று ஒப்புதல் தந்தார்.

இவ்வாறாக மூடுபனி லேடிஹில் தோட்டத்தை விட்டு முறைப்படி வெளியேறியது. தர்மேந்திரனுக்கு மணி அடிக்கவில்லை. கோலாலம்பூரில் தெளிவான நாட்களைக் காட்டும் வரைகோடு ஏறிக்கொண்டே போனது. ஏழு மாதம் தொடர்ந்து தெளிவான வானம் கண்ட ஒரே மலைத்தோட்டம் என்று, ‘தெளிவுக்கான துல்லியப் பதிவு’ விருது லேடிஹில்லுக்கு வந்தது.

விருதை வழங்க அனுபவப் பிரிவுத் தலைவரே வந்தார். விழா பார்வை மாடத்தில். அன்றைக்கு விழுந்த பனியில் மேடையும் தெரியவில்லை, மாடத்தின் விளிம்பும் தெரியவில்லை. மேலே ஏறி வர அவருடைய காருக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து வழிகாட்ட வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியில் அவர் குரல் மட்டும் வந்தது. இந்தத் தோட்டத்தில் ஏழு மாதமாகப் பனியே இல்லை, தரவு ஒருபோதும் பொய் சொல்லாது என்றார். எதுவும் தெரியாதவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். தர்மேந்திரன், தவமலரின் கை என்று நினைத்துச் சாம்பசிவத்தின் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார்.

தவமலர் குனிந்து மகளின் காதருகே சொன்னாள். “புதுச் சேலை கட்டிக்கிட்டு வந்திருக்காங்க. நமக்கு விசேஷம்னு தெரிஞ்சிருக்கு.”

யஷ்வினி நன்றாக நிமிர்ந்து பார்த்தாள். அவசரப்படவில்லை. “ஆமா,” என்றாள். “கரை வச்சது.”

அந்த விருதைவிட இந்த ஒப்புதல் கிடைக்கத்தான் தவமலருக்கு அதிக நாள் பிடித்திருந்தது.

விழாப் புகைப்படத்தைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஒரே வெள்ளை. கீழே ‘தெளிவான வானத்தின் கீழ், இடமிருந்து வலமாக’ என்று ஆறு பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. தலைமையகத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரும் அதன் முன்னால் நின்று, படம் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். இதுவரை ஒரே ஒருத்திதான் தப்பு கண்டுபிடித்தாள்.

“படம் பூரா அவங்கதான் இருக்காங்க,” என்றாள் யஷ்வினி. “அவங்க பேர மட்டும் ஏம்மா போடல? இதுல இல்லாதவங்க பேரெல்லாம் போட்டிருக்கு.”