தட்டில் மிச்சம் வைக்காதவர்

மூன்றாவது கரண்டி சூப் உள்ளே போனதும் மெக்கானிக்கின் வயிறு இதோடு போதும் என்று சொல்லிவிட்டது. கிண்ணத்தில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் மீன், கோழி, சோறு, புட்டிங் எல்லாம் வரிசையில் காத்திருந்தன.

"குடிங்க. அவர் பார்த்துட்டே இருக்கார்," என்றாள் மனைவி, உதடு அசையாமல்.

அவர் என்றால் மாஸ்டர். அந்த ஹோட்டலுக்கு முதலாளியும் அவரே, தலைமைச் சமையல்காரரும் அவரே. அவருடைய பையனைத்தான் மெக்கானிக்கின் மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். இரண்டு வீட்டாரும் சந்தித்துப் பேசுவதற்காக இன்று மதியம் மாஸ்டர் தன் ஹோட்டலிலேயே விருந்து வைத்திருந்தார். வேலை பார்க்கும் ஊரிலிருந்து நேற்றுதான் வந்த மகள், கிளம்பும்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"தட்டுல மட்டும் மிச்சம் வைக்காதீங்கப்பா. சாப்பிடத் தெரியாத வீட்டுல அவர் சம்பந்தம் வச்சுக்க மாட்டாராம். மூத்த பையனுக்குப் பார்த்த பொண்ணோட மாமா ஒருத்தர் பாதித் தட்டோட கை கழுவிட்டார்னு அந்தக் கல்யாணத்தையே நிறுத்திட்டாராம்."

"இதை என்கிட்டயா சொல்ற?" என்று மெக்கானிக் சிரித்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்திருக்கும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதத்துக்கு முன் ஓர் அலுவலகத்தில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, காத்திருந்த ஆறு பேரோடு தானும் ஏறினார். எடை அதிகம் என்று மணி அடித்தது. ஆறு பேரும் அவரையே பார்த்தார்கள். மணியில் கோளாறு என்று சொல்லவும் வழியில்லை, பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதைப் பழுது பார்த்தவரே அவர்தான். அன்றைக்குப் படியேறிப் போனவர் மறுநாள் டாக்டரிடம் போனார். வாரத்துக்கு ஓர் ஊசி. பதினோரு கிலோ குறைந்தது, கூடவே பசியும் நாக்கின் ருசியும் போயின. வெள்ளிக்கிழமைதான் ஊசியின் அளவைக் கூட்டியிருந்தார்கள். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊசி போட்டு வாயைக் கட்டுகிறவர் என்று பெயர் எடுக்க அவருக்குக் கூச்சம்.

மாஸ்டர் பையன் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து மனைவி கிண்ணத்தை மாற்றினாள். மருந்து குடிக்கிற முகத்தோடு அவருடைய சூப்பையும் குடித்து முடித்தாள். எனக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறாள் என்று மெக்கானிக்கின் மனசு கரைந்தது.

காலிக் கிண்ணத்தைக் கண்டதும் மாஸ்டரின் முகம் மலர்ந்தது.

"உப்பு எப்படி இருந்துது?"

"கச்சிதம்," என்றார் மெக்கானிக்.

"ஒரு சிட்டிகை கூடுதல், குறைச்சல்னு ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. அளந்து போட்ட மாதிரி."

அவர்கள் மேஜையை ஒட்டிய சுவரில் ஒரு சின்ன லிஃப்ட் இருந்தது. சமையலறை மாடியில். சாப்பாடெல்லாம் அதில்தான் இறங்கும். மாஸ்டர் அதன் வாயில் தலையை நீட்டி, "சரியா இருக்காம். விடு," என்று மேலே குரல் கொடுத்தார். மீன் வந்தது, மெக்கானிக்குக்கு மட்டும் இரண்டு துண்டு.

மெக்கானிக் அதைத் தொடவே இல்லை. மகளும் பையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் இரண்டு துண்டையும் காகிதத்தில் சுற்றி மனைவியின் கைப்பையில் தள்ளினார்.

"புது பைங்க," என்றாள் மனைவி.

"பொண்ணு வாழ்க்கை."

மனைவி பையை மூடினாள். பிறகு இரண்டு டம்ளர் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள்.

"காரம்?" என்று கேட்டபடி மாஸ்டர் மறுபடி வந்து நின்றார்.

"நாக்குல பட்டும் படாமலும்," என்றார் மெக்கானிக். பொய் சொல்லச் சொல்ல அவருக்கே வாய் பழகிவிட்டது. "எலுமிச்சை முன்னாடி வருது, காரம் பின்னாடி வருது. இதுக்கு மேல தொட்டுடாதீங்க."

மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு லிஃப்டுக்குள் குனிந்தார். "எதையும் தொடாதே. அப்படியே விடு."

அடுத்து கோழி. ஆள் சாப்பிடுகிறவர் என்று தெரிந்துவிட்டதால் அரைக் கோழி. கைப்பையில் போனுக்குக்கூட இடமில்லை. மெக்கானிக் லிஃப்டைப் பார்த்தார். ஆயுள் முழுக்க லிஃப்டை நம்பியே பிழைத்தவர் ஆபத்தில் வேறு எதை நம்புவார். மாஸ்டர் மாடிக்குப் போன நேரத்தில் தட்டோடு கோழியை அதற்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினார். மேலே பாத்திரம் கழுவுகிறவர் எடுத்துக் கொட்டிவிடுவார் என்று கணக்கு.

பையன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே மாமா," என்றான்.

"என்ன வேணும்?"

"இங்க தட்டு லிஃப்ட்ல மேல போனா இன்னொரு தடவை வேணும்னு அர்த்தம். எச்சில் தட்டெல்லாம் படி வழியாத்தான் போகும்."

லிஃப்ட் இறங்கியது. அதில் முழுக்கோழி இருந்தது. படி வழியாக மாஸ்டரும் இறங்கி வந்தார், கண் கலங்கியிருந்தது.

"முப்பது வருஷத்துல அரைக் கோழி பத்தாது, முழுசா வேணும்னு தட்டை மேல அனுப்பின முதல் ஆள் நீங்கதான்," என்றார். எதிரே உட்கார்ந்தார். தனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் மட்டும் கொண்டுவரச் சொன்னார். சமைக்கிறவனுக்குச் சாப்பிட நேரம் ஏது என்றார். "இனிமே பேச ஒண்ணும் இல்ல சம்பந்தி. தேதியைக் குறிங்க."

மகள் சட்டென்று அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டாள். அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன. இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். மெக்கானிக்குக்குத் துக்கமாக இருந்தது. அந்தப் பிள்ளை சின்ன வயதில் பாதி தின்றுவிட்டு வைத்ததையெல்லாம் தின்று தீர்த்தவர் அவர். வீட்டில் யார் எதைச் சமைத்தாலும் முதல் ஆளாக உட்கார்ந்து கடைசி ஆளாக எழுந்தவர். அப்போதெல்லாம் வயிற்றைத்தான் நிரப்புகிறோம் என்று நினைத்திருந்தார். பக்கத்தில் இருப்பவர்களோடு சேர்ந்திருப்பதற்கு அதுவே தனக்குத் தெரிந்த வழி என்பது, பசி போன பிறகுதான் புரிந்தது. இந்த மூன்று மாதமாக எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் விருந்தாளி மாதிரியே இருந்தது. இப்போது தன் மகளின் கல்யாணத்தைப் பேசும் மேஜையிலும் பொய்யாக உட்கார்ந்திருக்கிறார். மனசாரச் சமைத்துப் போட்ட மனிதரை இப்படி ஏமாற்றலாமா?

"கல்யாணச் சாப்பாட்டுக்கும் நீங்கதான் ருசி பார்க்கணும்," என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு வாரம் முன்னாடியே வந்துடுங்க."

மெக்கானிக் எழுந்தார்.

"எங்கங்க?" என்று மனைவி பின்னாலேயே எழுந்து வந்து காதோடு கேட்டாள்.

"முகம் கழுவிட்டு வரேன். வந்து அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்."

"ஐயோ, தேதி குறிச்ச பிறகு சொல்லக்கூடாதா?"

"ஒரு தேதியை வாங்கறதுக்கு எத்தனை கோழியை ஒளிச்சு வைக்கறது? அவர் கோபிச்சுக்கிட்டா கால்ல விழுந்தாவது பேசறேன். பொய்யில ஆரம்பிக்க வேண்டாம்."

கூடத்தைக் கடந்து கை கழுவும் இடத்துக்குப் போனார். வழியில் எல்லா மேஜைகளிலும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு தம்பதி சூப்பைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் ரொட்டியைத் தின்றார்கள். குழாயடியில் வயதான சர்வர் இரண்டு கையிலும் ஜாடியை வைத்துக்கொண்டு தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன இன்னைக்கு எல்லாருக்கும் இவ்வளவு தாகம்?" என்று மெக்கானிக் கேட்டார்.

சர்வர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாஸ்டர் உடம்பு இளைக்க ஊசி போட ஆரம்பிச்சதுலேருந்து அவரால எதையும் வாயிலயே வைக்க முடியறதில்ல சார், இன்னைக்கு நீங்க ருசி பார்த்துச் சரின்னு சொன்ன பிறகுதான் ஒவ்வொண்ணையும் மத்த மேஜைக்கே அனுப்பினார்."